நாலாவது வார்த்தை

முடிச்சூர்,
8.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜான்சி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். உன் சளி குறைந்ததா? போனில் உன் குரல் அடைத்திருந்தது என்று அம்மா கவலைப்பட்டாள். ஜெயிலிலிருந்து நீ பேசும் நேரமெல்லாம் நான் வீட்டில் இருப்பதில்லை. இனியும் இருக்கமாட்டேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது!

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், பெயிண்ட் கடை மாடியில் ஆபீஸ். கூடப் படித்த சோயாதான் சேர்த்துவிட்டாள். சம்பளம் பதினெட்டாயிரம். காலையில் போனதும் நம் போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். ஏழு பேர் காதில் ஹெட்போனோடு நாளெல்லாம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் பதிவைக் கேட்டு, யார் என்ன விலைக்கு எத்தனை வாங்கினார், விற்றார் என்று கம்ப்யூட்டரில் இருப்பதோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை. அம்மாவிடம் டேட்டா என்ட்ரி என்று சொல்லியிருக்கிறேன். ஷேர் என்று கேட்டாலே அவளுக்கு உன் கேஸ் ஞாபகம் வந்துவிடும். நீயும் சொல்லிவிடாதே.

ஒரே கஷ்டம், அவர்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. முதல் நாள் ஒருவர், "நாளைக்கு மூணு பெட்டி வரும், எடுத்து வெச்சிக்கோ" என்றார். நான் மேஜைக்கடியில் கிடந்த பழைய பேப்பரையெல்லாம் ஒதுக்கி இடம் பண்ணி வைத்தேன். சோயா இன்றைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நீ ஆறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன். லாங், ஷார்ட், பெட்டி, டப்பா. இந்த நாலு வார்த்தைக்கும் எனக்குப் புரிகிற மாதிரி அர்த்தம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
ஜான்சி


மத்திய சிறை,
19.6.2025

அன்புத் தங்கை ஜான்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். சளி போய்விட்டது. அம்மாவுக்கு அடிவயிற்று வலி இன்னும் இருக்கிறதா? ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், எடுத்தாளா?

நீ கேட்டது. விலை ஏறும் என்று நம்பி வாங்கி வைத்திருப்பது லாங். இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாததையே முதலில் விற்றுவிட்டு அப்புறம் வாங்கி ஈடுகட்டுவது ஷார்ட். பெட்டி என்றால் லட்சம் ரூபாய். கோக்கா என்றும் ஒன்று காதில் விழும், அது கோடி. பணத்தைப் பணம் என்று சொல்லக் கூடாத இடத்தில் பிறந்த வார்த்தைகள் இவை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் எழுது. முதலாளி பெயர் என்ன? வாசலில் போர்டு இருக்கிறதா? எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
ஜெபகுமார்


முடிச்சூர்,
30.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நான் நலம், அம்மா அவ்வளவு நலமில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று வந்திருக்கிறது. பயப்படும்படி இல்லையாம், ஆனால் எடுத்துவிட வேண்டுமாம்.

அதற்கும் வழி பிறந்துவிட்டது. முதலாளி வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். போன வாரம் நேராக என் மேஜைக்கு வந்து, "ஜெபா தங்கச்சிதானே நீ? உங்கண்ணன் தங்கமான புள்ளம்மா" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் கேஸுக்கு அப்புறம் உன்னை அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் ஜீவரத்தினம். அம்மாவின் ஆபரேஷனுக்கு எண்பதாயிரம் அட்வான்ஸ் தருகிறேன் என்றார். உனக்கு அவரைத் தெரியுமா? ஏன் ஒருநாளும் சொன்னதில்லை?

போர்டு இல்லை. கையெழுத்து இதுவரை ஒன்றும் போடவில்லை. டப்பாவுக்கு அர்த்தம் எழுத மறந்துவிட்டாய். புதிதாக ஒன்று, பக்ரா. சார் போனில், "பக்ரா ரெடி, அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஆடுதானே பக்ரா? ஆட்டுக்கு இங்கே என்ன வேலை?

உடனே பதில் போடு.

அன்புத் தங்கை,
ஜான்சி


முடிச்சூர்,
28.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. அம்மாவிடம் போனில் பேசுகிறாய், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். கோபமா?

அம்மாவுக்கு ஆகஸ்ட் கடைசி வாரம் ஆபரேஷன். பணம் வாங்கிவிட்டேன். வாங்கிய அன்று சார் ஒரு கட்டுக் காகிதம் நீட்டினார். என் பெயரில் இரண்டு பேங்க் கணக்கு, இரண்டு சிம், ஒரு கம்பெனி பதிவு. "சும்மா ஃபார்மாலிட்டிம்மா, ஸ்டாஃப் எல்லாருக்கும் உண்டு" என்றார். சோயாவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். செக் புத்தகத்தை அவரே வைத்துக்கொண்டார்.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. பொத்தேரியில் காலேஜ் பசங்களுக்கு மெஸ் நடத்துகிற பேபி என்று ஓர் அக்கா. எங்களிடம் ஷேர் வாங்கி விற்கிற பார்ட்டிகளில் ஒருவர், நஷ்டப் பணம் கட்ட வேண்டியவர். அவருடைய பதிவைக் கேட்டேன். "சனிக்கெழமைக்குள்ள எப்டி சார் முடியும்? ஆளை அனுப்பாதீங்க சார், வூட்ல பொம்பளப் புள்ளைங்க கீது" என்று அழுகிறார். எங்கள் ஆள் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறான். அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கிறது. "லாபம் வந்தப்ப இனிச்சிச்சில்ல?" என்கிறான்.

மறுவாரப் பதிவில் அவர் குரல் இல்லை. "மெஸ்ஸு முடிஞ்சிச்சி. நகை, ஸ்கூட்டி எல்லாம் குட்த்துடுச்சி" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அந்த வரிக்கு எதிரே நான் 'சரி' என்று டிக் அடிக்க வேண்டியிருந்தது.

டப்பா என்றால் என்ன? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். எழுது.

ஜான்சி


மத்திய சிறை,
6.8.2025

அன்புள்ள தங்கை ஜான்சி ராணிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதங்கள் கிடைத்தன. ஜீவரத்தினம் சார் மிகவும் நல்லவர். அவர் சொல்படி நடந்துகொள். கையெழுத்துப் போட்டதில் தவறு ஒன்றும் இல்லை. வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்காமல் வேலையைப் பார். வேலையை விடுவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். சாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அம்மாவின் ஆபரேஷன் நல்லபடி நடக்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெபகுமார்


(தபாலில் வராதது)
20.8.2025

ஜான்சி பாப்பா,

இதைக் கொண்டுவருகிறவர் அரிகிருஷ்ணன். என்னோடு இருந்தவர், இன்றைக்கு விடுதலையாகிறார். நம்பலாம். படித்ததும் கிழித்துவிடு.

முதல் காரியம், ஆறாம் தேதிக் கடிதத்தை மறந்துவிடு. இங்கே தபால் பங்கிடுகிற வேலையில் இருக்கும் கைதி ஒருவன் ஜீவரத்தினத்தின் ஆள். அது எனக்கே ஜூலையில்தான் தெரிந்தது. நீ அவர் பெயர் எழுதியிருந்த கடிதத்தை எனக்கு முன்னால் அவன் படித்துவிட்டான். அதை என் மடியில் போட்டு, "தங்கச்சி நல்லா எழுதுது. பதில் நான் சொல்லும்போது எழுது" என்றான். ஒரு மாதம் எழுத விடவில்லை, அம்மாவிடம் போனில் பேசும்போதும் பக்கத்திலேயே நின்றான். ஆறாம் தேதி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதவைத்தான். முழுப் பெயரைச் சொல்லி நான் உன்னை என்றைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்? அதைப் பார்த்தாவது நீ சந்தேகப்பட மாட்டாயா என்றுதான் ஜான்சி ராணி என்று எழுதினேன்.

இப்போது டப்பா. நீ டிக் அடிக்கிற ஓர் ஆர்டர்கூடச் சந்தைக்குப் போவதில்லை. பார்ட்டி வாங்கியதாக நினைக்கிறான், யாரும் எதையும் வாங்கவில்லை. விலையை மட்டும் டிவியில் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். ரசீது கிடையாது. பார்ட்டி தோற்றால் பணம் ஜீவரத்தினத்துக்கு. ஜெயித்தால் ஜீவரத்தினம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாத அளவுக்குப் பார்ட்டிகள் ஜெயிக்கிற நாள் என்றைக்காவது வரும். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். போலீஸ் வரும்போது பேங்க் கணக்கும் சிம்மும் கம்பெனியும் யார் பெயரில் இருக்கிறதோ, அவன்தான் பக்ரா. வெட்டுவதற்கென்று கட்டி வைத்த ஆடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நான். இப்போது நீ.

நான் ஏமாந்து மாட்டிக்கொண்டதாகத்தான் நீயும் அம்மாவும் நினைக்கிறீர்கள். அப்படியில்லை. எனக்குத் தெரியும். சரக்கு என்ன என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், மாதம் பத்தாயிரம் கூடுதலாகத் தந்தார். மாட்டிய அன்றைக்கு, "என் பேரு வராம பார்த்துக்க, உன் வூட்டை நான் பார்த்துக்கறேன்" என்றார். சபை ட்ரஸ்ட் உதவித்தொகை என்று மூன்று வருஷம் உன் காலேஜுக்குக் கட்டினார்களே, அது சபை கட்டியதில்லை. கோர்ட்டில் பல்லாவரத்துக்காரர் ஒருவர், யேசுதாசன் என்று பெயர், ஸ்பேர் பார்ட்ஸ் கடையை எங்களிடம் தோற்றவர், கூண்டுக்குப் பக்கத்தில் வந்து, "நீ ஒருத்தனே இவ்ளோ பணத்தையும் தின்னியாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். திட்டவில்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உன் இரண்டாம் வருஷப் பீஸ் அடுத்த வாரம் கட்ட வேண்டியிருந்தது.

என் வாயை மூட ஒரு பூட்டு போதாது என்று உன்னையும் வாங்கியிருக்கிறார். நீ அங்கே இருக்கும்வரை நான் பேச மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

நீ செய்ய வேண்டியது. ஆபீஸில் முகம் மாறாதே. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற சாக்கில் லீவு போடு. செங்கல்பட்டு கோர்ட்டில் வேதசிரோமணி என்று ஒரு வக்கீலம்மா. எனக்காக வாதாடியவர். "நீ யாரைக் காப்பாத்தறே?" என்று நாலு தடவை கேட்டவர். அவரிடம் எல்லாவற்றையும் சொல். எனக்கு எழுத வேண்டியதை இனி அவர் கையில் கொடு.

மன்னிப்பு கேட்கிற தகுதி எனக்கு இல்லை. சீக்கிரம் வெளியே வந்துவிடு, பாப்பா.

அண்ணன்


முடிச்சூர்,
2.9.2025
(வக்கீல் மூலம்)

அண்ணாவுக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான். எழுந்து நடக்கிறாள். உன் நலத்தை ஆண்டவர் காக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை வெறுத்தேன். என் பட்டமளிப்பு போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அம்மா ஏன் என்று கேட்டாள். ஆணி ஆடுகிறது என்றேன்.

அம்மா படுத்திருந்த வார்டுக்கு ஜீவரத்தினம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் என்னைப் பார்க்காமலே, "செங்கல்பட்டு பக்கம் போனியாமே? திங்கட்கிழமைதான் எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்தப் போறோம், அதுக்குள்ள அலையாதம்மா, உடம்பு கெட்டுடும்" என்றார். அன்று முதல் எங்கள் தெருமுனையில் ஒரு பைக் நிற்கிறது. இரண்டு பேர். ஒன்றும் செய்வதில்லை. நான் தண்ணீர் கேன் வாங்கப் போனால் பார்க்கிறார்கள், திரும்பி வந்தால் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு பிளாட் பார்க்க வந்தோம் என்றார்களாம்.

சோயாவிடம் சொன்னேன். என்னைக் கூட்டிவரச் சொன்னதே சார்தானாம். "உன் பேரைச் சொல்லித்தான்டி கேட்டாரு. அண்ணன் சிநேகிதர்னு நெனச்சேன். சத்தியமா வேற ஒண்ணும் தெரியாதுடி" என்று அழுதாள். நான் நம்புகிறேன். அவள் கணக்கிலும் பணம் ஓடியிருக்கிறது.

இரண்டு பேரும் ஞாபகத்திலிருந்து பார்ட்டி பெயர்கள், தேதி, தொகை என்று நாற்பது பக்கம் எழுதியிருக்கிறோம். பொத்தேரிக்குப் போய் பேபி அக்காவைத் தேடிப் பிடித்தோம். மெஸ் வாசலில் இப்போது ஜெராக்ஸ் கடை. அவர் முதலில் கதவையே திறக்கவில்லை. "அவங்க ஆளா? குடுக்க இன்னும் இன்னாம்மா கீது எங்கிட்ட?" என்றார். அரைமணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் கூட வருகிறேன் என்றார்.

புகார் எல்லாம் தயார். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நான் கொடுத்தால் அங்கே உனக்கு என்ன நடக்கும்? உண்மையைச் சொல்.

ஜான்சி


மத்திய சிறை,
4.9.2025
(வக்கீல் மூலம்)

ஜான்சி,

அம்மா நடக்கிறாள் என்று படித்ததும் உயிர் வந்தது.

எனக்கு ஒன்றும் நடக்காது. இங்கே பாதுகாப்பு பலமாக இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் நான் வாக்குமூலம் கொடுக்க வக்கீலம்மா மனு போட்டுவிட்டார். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ போ. நாளைக்கே போ. எனக்காகக் காத்திருக்காதே.

அண்ணன்


தாம்பரம்,
28.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். இதைத் தபாலிலேயே போடுகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் தேதி நாங்கள் மூன்று பேரும் வக்கீலோடு போய்ப் புகார் கொடுத்தோம். ஆறு மணி நேரம் ஆனது. ஓர் அதிகாரி, "டப்பான்னா என்னன்னு தெரிஞ்சுதான் வேலை பார்த்தியா?" என்று கேட்டார். ஜூன் எட்டாம் தேதியே அர்த்தம் கேட்டேன், ஆகஸ்டில்தான் பதில் கிடைத்தது என்றேன். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, அண்ணா. அதையும் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மாடி காலி. ஹெட்போன் ஒயர்கள் மட்டும் தரையில் கிடந்தனவாம். நாலு பேர் பிடிபட்டார்கள். ஜீவரத்தினம் இல்லை. என் கணக்குகளை முடக்கிவிட்டார்கள். கேஸ் முடியும்வரை நானும் கூப்பிட்டபோதெல்லாம் போக வேண்டும். நான் தப்பித்துவிட்டேனா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "முதல்ல வந்து சொன்னவ நீதான்கறது பதிவாயிருக்கு. அதுதான் உன் பலம்" என்றார். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை.

முடிச்சூர் வீட்டுக்குப் பூட்டு. சோயாவின் அம்மா எங்களைத் தன் வீட்டில் வைத்திருக்கிறார். தினம் நாலைந்து முறை போன் வருகிறது. எடுத்தால் யாரும் பேசுவதில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், பீஸ் விஷயம் உட்பட. அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும்.

இரண்டு வாரமாக உன் போன் இல்லை. ஒரு வரி எழுது.

ஜான்சி


மத்திய சிறை,
14.10.2025

அன்புள்ள அம்மாவுக்கும் தங்கைக்கும்,

ஜெபகுமார் சொல்ல, உடனிருப்பவர் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். வாக்குமூலம் கொடுத்துவிட்டேன், முழுவதும். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது கையில் சிறிய அடி. அதனால்தான் வேறு கையெழுத்து. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பல் இரண்டு ஆடுகிறது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. என்னை வேறு பிளாக்குக்கு மாற்றிவிட்டார்கள், இங்கே அமைதியாக இருக்கிறது. பார்க்க வர வேண்டாம். அலைச்சல்.

அம்மா, தையல் போட்ட இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

ஜெபகுமார்


தாம்பரம்,
19.10.2025

அன்பு மகன் ஜெபாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். தையல் ஆறிவிட்டது. ஜான்சி எழுதித் தருகிறேன் என்றாள், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டாவது வரைக்கும் படித்தவள்தானே நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அந்த ஆளை முந்தாநாள் ஒரு லாட்ஜில் பிடித்துவிட்டார்களாம். வக்கீலம்மா போன் பண்ணினார். ஆனாலும் யாராவது கதவைத் தட்டினால் எனக்கு இன்னும் கை கால் ஓடுவதில்லை. ஜான்சி வாசல் பக்கம் உட்காருவதே இல்லை. நான் அந்த ஆளைக் கும்பிட்ட கையைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நீ செய்தது தப்பு. அந்தப் பல்லாவரத்துக்காரரிடம் ஆமாம் என்று தலையாட்டினாயே, அது பெரிய தப்பு. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொல்லியிருக்கிறாய். உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் நான் எத்தனை தடவை குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் அதையே சொன்னேன். சபையில் சொன்னேன். ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் அதையே சொன்னேன். நீ சின்னப் பையனாக என் புடவையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாய். அதனால் எனக்கு அதை எழுதாதே.

மனு போட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை நானும் ஜான்சியும் வக்கீலம்மாவும் வருகிறோம். அலைச்சல் என்று சொல்லாதே. யார் அடித்தார்கள் என்று என்னிடம் பெயரைச் சொல். நான் எழுதிக்கொள்கிறேன்.

அம்மா